காதிலே வலி, கோளாறு தாடையிலே!

சொட்டு மருந்துக்கு அடங்காத வலியின் ரகசியம்

இரவு மணி பத்து. சாப்பாடு முடிந்தது. பாத்திரம் கழுவி ஆயிற்று. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள்.

அந்த வீட்டுத் தலைவிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னங்க, மறுபடியும் காது அடைக்குது. உள்ளே வண்டு ரீங்காரம் போடுற மாதிரி இருக்குது."

"நேத்துத்தானே டாக்டர்கிட்டே போனோம்? காதிலே ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாரே!"

அதுதான் புதிர். டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். செவிப்பறை பளிச்சென்று இருக்கிறது. சீழ் இல்லை. அழுக்கு இல்லை. புண் இல்லை. காது கேட்கும் சக்தியும் குறையவில்லை. ஆனாலும் வலிக்கிறது!

மாமியார் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சுகிறார். பக்கத்து வீட்டு அக்கா வேறொரு சொட்டு மருந்தின் பெயரைச் சொல்லுகிறார். எதற்கும் வலி அடங்கவில்லை.

அவள் மனதிலோ வேறு பயம். "செவிடாகிப் போவேனோ? மூளையிலே கட்டியோ?" வெளியே சொல்லவில்லை. சொன்னால் வீடே கலங்கிவிடும்.

இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதை அல்ல. எத்தனையோ வீடுகளில் நடக்கும் கதை. இப்படி வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு, கோளாறு காதில் இல்லை. காதுக்கு ஒரு விரல் தூரத்தில் இருக்கிறது.

எங்கே? தாடை மூட்டில்!

விரலை வைத்துப் பாருங்கள்

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள்.

காதுத் துவாரத்துக்கு முன்னால் ஒரு சிறிய சதைத் துண்டு மூடி போல் இருக்கிறதல்லவா? அதற்குச் சற்று முன்னால் ஆள்காட்டி விரலை வையுங்கள். வாயை மெல்லத் திறந்து மூடுங்கள்.

விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகருகிறதா? அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் குமிழ் போன்ற தலை, மண்டை எலும்பில் உள்ள ஒரு சிறு குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் உரசித் தேயாமல் இருக்க, நடுவே மெத்தை போல் ஒரு ஜவ்வுத் தட்டு இருக்கிறது.

நம் உடம்பில் மூட்டுகள் பல உண்டு. ஆனால் தாடை மூட்டு அலாதியானது. கதவின் கீல் போல இது திரும்புகிறது. அதோடு, மேஜையின் இழுப்பறை போல முன்னும் பின்னும் நழுவவும் செய்கிறது. வாயைக் கொஞ்சம் திறந்தால் கீல் வேலை. பெரிதாகக் கொட்டாவி விட்டால் இழுப்பறை வேலை.

இன்னொரு விசேஷம்: வலது முழங்கால் வலித்தால் இடது காலைத் தாங்கி நடக்கலாம். தாடையில் அது நடக்காது. இரண்டு பக்க மூட்டும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே தீரவேண்டும்.

இந்த மூட்டுக்கு ஓய்வு ஏது? பேச, சாப்பிட, விழுங்க, கொட்டாவி விட, பாட, குழந்தையைக் கொஞ்ச - எல்லாவற்றுக்கும் இதுதான் வேலை செய்யவேண்டும்.

மூட்டின் குழிக்குப் பின்னால் இருப்பது காதுத் துவாரம். இடையே ஒரு மெல்லிய எலும்புச் சுவர்தான். இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள்! ஒரு வீட்டில் சண்டை நடந்தால் அடுத்த வீட்டில் தூக்கம் கெடும் அல்லவா?

காது டாக்டரின் கண்டுபிடிப்பு

இந்த அண்டை வீட்டு விவகாரத்தை உலகத்தார் கவனிக்கும்படி செய்தவர் ஒரு பல் டாக்டர் அல்ல. காது, மூக்கு, தொண்டை டாக்டர்!

அவர் பெயர் ஜேம்ஸ் காஸ்டன். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் இருந்தவர்.

அவரிடம் வந்த நோயாளிகளில் சிலர் ஒரே மாதிரி குறை சொன்னார்கள். "காது அடைக்கிறது." "காதுக்குள் இரைச்சல்." "சாப்பிடும்போது டக் டக் என்று சத்தம் கேட்கிறது." "தலை சுற்றுகிறது." "காதைச் சுற்றி வலி." காதைப் பார்த்தால் அதற்கேற்ற கோளாறு இல்லை.

காஸ்டன் அவர்களை அனுப்பிவிடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பலருக்குக் கடைவாய்ப் பற்கள் விழுந்திருந்தன. பல் இல்லாததால் தாடை அளவுக்கு மீறி மேலே ஏறி மூடிக்கொண்டது.

"சரி, இங்கேதான் விஷயம் இருக்கிறது" என்று அவர் முடிவு கட்டினார். பல் டாக்டர்களின் உதவியோடு தாடையைப் பழைய உயரத்துக்குக் கொண்டு வரச் செய்தார். பலருடைய உபாதை குறைந்தது.

1934-ம் ஆண்டு, 11 நோயாளிகளைப் பற்றி அவர் ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ஒன்றிரண்டு பல் டாக்டர்கள் இதே விஷயத்தை முன்பே தொட்டுக் காட்டியது உண்டு. ஆனால் காது டாக்டர் ஒருவரே சொன்னதும் மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது. அந்த நோய்க்கு "காஸ்டன் நோய்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

கண்டது சரி, காரணம் தவறு

காஸ்டன் ஒரு காரணமும் சொன்னார். "பல் இல்லாததால் தாடையின் குமிழ் பின்பக்கம் நகர்ந்து, அங்கே உள்ள நரம்பை நசுக்குகிறது. காதுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள காற்றுக் குழாயையும் அழுத்துகிறது" என்றார்.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையா?

ஹாரி சிக்கர் என்று ஒரு உடற்கூறு நிபுணர். வியன்னாவில் இருந்து அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துக்கு வந்தவர். மூட்டையும் அதைச் சுற்றியுள்ள உறுப்புகளையும் அறுத்து ஆராய்ந்தவர். 1948-ல் அவர் பட்டென்று சொல்லிவிட்டார்: "அந்தக் குமிழ் எவ்வளவு நகர்ந்தாலும் அந்த நரம்பை நசுக்க வழியில்லை. அந்தக் குழாயையும் அழுத்தாது."

அப்படியானால் காஸ்டன் பொய் சொன்னாரா? இல்லை. அவர் கண்ணால் கண்டது நிஜம். நோயாளிகளின் வலியும் நிஜம். அவர் சொன்ன காரணம் மட்டும் பிழை.

வைத்தியத்தில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். கண்டதும் காரணமும் ஒன்றல்ல!

நரம்பு செய்யும் குழப்பம்

பிறகு எப்படித்தான் தாடைக் கோளாறு காதில் தெரிகிறது?

முதல் காரணம், நரம்பு. மூளையில் இருந்து முகத்துக்கு வரும் பெரிய நரம்பு ஒன்று உண்டு. ஐந்தாவது நரம்பு என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். அதன் ஒரு கிளைதான் தாடை மூட்டுக்குப் போகிறது. அதே கிளைதான் காதின் முன்பகுதிக்கும், காதுத் துவாரத்துக்கும், செவிப்பறையின் வெளிப்பக்கத்துக்கும் போகிறது.

ஒரே தெருவில் இரண்டு வீடு. இரண்டுக்கும் ஒரே அழைப்பு மணி. மணி அடித்தால் எந்த வீட்டில் இருந்து அடிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? மூளையும் அப்படித்தான் ஏமாறுகிறது. மூட்டில் இருந்து வந்த வலியைக் காதில் இருந்து வந்ததாக எண்ணிக்கொள்கிறது.

மாரடைப்பு வந்தவருக்கு இடது கை வலிக்கிறதே, அதுவும் இதே குழப்பம்தான்.

இரண்டாவது காரணம், தசை. வாயை மெல்ல உதவும் தசைகளை இயக்குவது இந்த ஐந்தாவது நரம்பு. காதுக்குள்ளே செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் ஒரு குட்டித் தசை உண்டு. காதுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள குழாயைத் திறக்கும் தசை ஒன்றும் உண்டு. இவற்றை இயக்குவதும் அதே நரம்புதான்! தாடைத் தசை முறுக்கிக்கொள்ளும்போது இவையும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால், காது அடைத்தது போல் இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.

மூன்றாவது, ஒரு சிறிய நார். 1962-ல் பின்டோ என்ற ஆராய்ச்சியாளர் இதை விவரித்தார். மூட்டின் ஜவ்வுப் பகுதியில் இருந்து புறப்பட்டு, காதுக்குள்ளே இருக்கும் சுத்தி எலும்பு வரை இந்த நார் போகிறது. உயிரோடு இருக்கும் மனிதரிடம் இது சுத்தி எலும்பை அசைக்கிறதா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் காதுக்கும் தாடைக்கும் இடையே ஒரு கயிறே ஓடுகிறது என்பது அதிசயம் அல்லவா?

காது எலும்பு, பழைய தாடை எலும்பு!

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருக்கிறது.

காதுக்குள்ளே மூன்று குட்டி எலும்புகள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சுத்தி, பட்டடை, அங்கவடி. இவைதான் சத்தத்தைச் செவிப்பறையில் இருந்து உள்ளே கடத்துகின்றன.

1837-ல் ரைக்கெர்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, பன்றியின் கருவை ஆராய்ந்தார். கருவில் தாடை உண்டாகும் அதே குருத்தெலும்பில் இருந்துதான் சுத்தி எலும்பும் உண்டாகிறது என்று கண்டார். பல்லி, முதலை போன்ற பிராணிகளின் தாடை மூட்டில் இரண்டு எலும்புகள் உண்டு. அந்த இரண்டும்தான் பாலூட்டிகளின் காதில் சுத்தியாகவும் பட்டடையாகவும் இருக்கின்றன!

பல கோடி ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. பழைய மூட்டும் புதிய மூட்டும் சேர்ந்து இருந்த பிராணிகளின் எலும்புகள் பாறைகளில் கிடைத்திருக்கின்றன.

மனிதக் கருவிலும் தாடையும் இந்தக் காது எலும்புகளும் ஒரே இடத்தில்தான் தோன்றுகின்றன. ஆகவே தாடையும் காதும் அண்டை வீட்டுக்காரர்கள் மட்டும் அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

பற்களை இழந்தவர்கள்

காரணம் தவறானால் என்ன, வலி தீர்ந்தால் சரிதானே என்று கேட்கலாம். இல்லை. தவறான காரணம் தவறான வைத்தியத்துக்கு வழி காட்டும்.

"எல்லாம் பல்லால் வந்த வினை" என்ற எண்ணம் பரவியது. பல ஆண்டுகள் வரை எத்தனையோ பேருக்கு நல்ல பற்களை ராவினார்கள். தொப்பி போட்டார்கள். கடியின் அமைப்பையே மாற்றினார்கள். சிலருக்கு வலி போனது. பலருக்குப் பணமும் போனது, பல்லும் போனது; வலி மட்டும் போகவில்லை.

அதைவிடக் கொடுமை 1980-களில் அமெரிக்காவில் நடந்தது. மூட்டில் உள்ள ஜவ்வுத் தட்டை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, செயற்கைத் தட்டு வைத்தார்கள். எதனால் செய்தது தெரியுமா? ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெப்லான் கலந்தது!

தோசைக்கல்லில் நல்ல பொருள். ஆனால் ஓயாமல் அரைபடும் தாடை மூட்டில் அது தூள் தூளாக உதிர்ந்தது. உதிர்ந்த தூளை உடம்பு எதிர்த்தது. அந்தப் போரில் எலும்பே அரித்துப் போயிற்று. ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், முன்னைவிடப் பெரிய வலியில் மாட்டிக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை தலையிட்டு அதைத் திரும்பப் பெறச் செய்தது.

அதனால்தான் இன்றைய டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்: தாடை மூட்டு விஷயத்தில், மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எந்த வைத்தியத்துக்கும் அவசரப்படாதீர்கள்!

உண்மைக் குற்றவாளி யார்?

1950-களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் என்ற பல் மருத்துவர் இந்த நோயாளிகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். பலருக்குக் கோளாறு எலும்பில் இல்லை, தசையில்தான் என்றார். தாடைத் தசைகள் முறுக்கிக்கொள்வதே வலிக்குக் காரணம் என்பது அவர் முடிவு. மனக்கவலைக்கும் இதில் பங்கு உண்டு என்று அவர் எடுத்துக் காட்டினார்.

ஜேனட் டிராவெல் என்ற பெண் டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு வெள்ளை மாளிகையில் வைத்தியம் பார்த்தவர். தசையில் ஓர் இடத்தில் முடிச்சு விழுந்தால் வலி இன்னோர் இடத்தில் தெரியும் என்பதை வரைபடமாகவே போட்டுக் காட்டியவர். கன்னத்தில் உள்ள மெல்லும் தசையின் ஆழமான பகுதியில் கோளாறு வந்தால், வலி காதுக்குள் போகும் என்று அவர் சொன்னார்.

இன்று இதை ஒரே நோயாக யாரும் கருதுவது இல்லை. தசை, மூட்டு, ஜவ்வு எல்லாவற்றையும் சேர்த்து 30-க்கும் மேற்பட்ட கோளாறுகள் உண்டு என்று 2020-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட பெரிய அறிக்கை சொல்லுகிறது.

யாருக்கு வரும்?

ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இருபது முதல் நாற்பது வயதுக்குள் அதிகம் பேர் டாக்டரிடம் வருகிறார்கள்.

தாடையை வதைக்கும் பழக்கங்கள் பல. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது ஒன்று. பகலில், தன்னை அறியாமலே பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு வேலை செய்வது இன்னொன்று. கணக்குப் போடும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, கோபத்தை அடக்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள்!

நகம் கடிப்பது, பென்சில் கடிப்பது, ஓயாமல் சூயிங்கம் மெல்லுவது, கன்னத்தில் கை ஊன்றி மணிக்கணக்கில் உட்காருவது, செல்போனைத் தோளுக்கும் தாடைக்கும் இடையே இடுக்கிக்கொண்டு பேசுவது - இவையும் தாடையைச் சோர வைக்கும்.

குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் "வயிற்றிலே பூச்சி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவது வழக்கம். பல் கடிப்பதை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவு கட்ட முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர அது தானே நின்றுவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

காது வலிக்கிறது. அது காதுக் கோளாறா, தாடைக் கோளாறா? சில அடையாளங்கள் உண்டு.

மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி கூடுகிறதா? காலையில் எழுந்ததும் கன்னமும் நெற்றிப்பொட்டும் கனக்கின்றனவா? காதுக்கு முன்னால் விரலால் அழுத்தினால் "இதுதான் அந்த வலி" என்று சொல்லத் தோன்றுகிறதா? பல்லை இறுக்கிக் கடித்தால் காது இரைச்சல் கூடவோ குறையவோ செய்கிறதா? அப்படியானால் தாடையைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு சோதனை, மூன்று விரல் சோதனை. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு இடையே வையுங்கள். மூன்று விரலும் நுழைந்தால் வாய் நன்றாகத் திறக்கிறது என்று பொருள். இரண்டே விரல்தான் நுழைகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி இல்லாமல் "டக், டக்" என்று சத்தம் மட்டும் வருகிறதா? பயம் வேண்டாம். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் அது உண்டு. அதற்கு வைத்தியம் தேவை இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. முதலில் காது டாக்டரிடம் காட்டி, காதில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் தாடையைப் பார்க்கவேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

இந்த நோய்க்காரர்களில் பெரும்பாலோருக்கு எளிய முறைகளிலேயே குணம் கிடைக்கிறது. பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே தணிந்துவிடுகிறது.

முதல் பாடம்: "உதடு மூடி, பல் விலகி!"

நாம் சும்மா இருக்கும்போது பற்கள் ஒன்றை ஒன்று தொடவே கூடாது. உதடுகள் மூடி இருக்கலாம். நாக்கு மேல் அண்ணத்தில் இலேசாகப் படிந்து இருக்கட்டும். பற்கள் மட்டும் சற்று விலகி இருக்கவேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதிச் சமையல் அறையில் ஒட்டி வையுங்கள். பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள்.

இரண்டாவது: தாடைக்கு ஓய்வு. சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, கமர்கட், கரும்பு வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், பொங்கல், வெந்த காய்கறி நல்லது. ஆப்பிள், கொய்யாவைச் சிறு துண்டாக நறுக்கிச் சாப்பிடுங்கள்.

மூன்றாவது: ஒத்தடம். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள். சூடு தாங்கும்படி இருக்கட்டும். காதுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்து.

நான்காவது: கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள். வாய் அளவுக்கு மீறித் திறக்காது.

ஐந்தாவது: பயிற்சி. நாக்கின் நுனியை அண்ணத்தில் வைத்தபடியே வாயை மெல்லத் திறந்து மூடுவது ஓர் எளிய பயிற்சி. பிஸியோதெரபி நிபுணரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு செய்வது நல்லது.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் உலக நிபுணர்கள் சேர்ந்து ஆலோசனை வெளியிட்டார்கள். நாள்பட்ட தாடை வலிக்கு அவர்கள் முன்னிறுத்தியவை என்ன தெரியுமா? தாடைப் பயிற்சி, நிபுணர் கையால் செய்யும் சிகிச்சை, கவலையையும் வலியையும் சமாளிக்கக் கற்றுத்தரும் மனப்பயிற்சி. பல்லில் நிரந்தரமாகப் பொருத்தி அமைப்பை மாற்றும் கருவிகளும், ஜவ்வை எடுக்கும் ஆபரேஷனும் வேண்டாம் என்றார்கள்.

இரவில் பல் கடிப்பவர்களுக்குப் பல் டாக்டர் ஒரு கவசம் செய்து தருவது உண்டு. கழற்றி மாட்டக்கூடியது. அது பல் தேயாமல் காக்கும். ஆனால் அது ஒன்றே எல்லா வலியையும் தீர்த்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது.

இவை ஆபத்தின் அறிகுறிகள்!

"காதிலே ஒன்றும் இல்லை, தாடைதான்" என்று நாமே முடிவு கட்டி வீட்டில் இருந்துவிடக்கூடாது. இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஒரு பக்கக் காதில் வாரக்கணக்காக வலி. காதில் கோளாறு இல்லை. அவரோ புகையிலை போடுபவர், பீடி சிகரெட் பிடிப்பவர், மது குடிப்பவர். இவர் உடனே தொண்டையையும் நாக்கின் அடிப்பகுதியையும் காட்டவேண்டும். அங்கே தோன்றும் புற்றுநோய்கூடக் காது வலியாகத் தலைகாட்டும்! விழுங்கும்போது வலி, குரல் மாற்றம், கழுத்தில் கட்டி இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசர விஷயம். அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். நாள் கடந்தால் மருந்து பலிக்காமல் போகலாம்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது. நெற்றிப்பொட்டில் புதிய தலைவலி. கண் மங்குகிறது. இது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடும்.

தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

வெற்றிலைப் பெட்டிக்காரர்கள் கவனிக்க

வாய் நாளுக்கு நாள் திறக்க முடியாமல் போகிறதா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? பாக்கு போடும் பழக்கம் உண்டா? அப்படியானால் இது தாடை மூட்டுக் கோளாறு அல்ல. வேறு வியாதி.

பாக்கினால் வாயின் உட்புறத் தோல் நார் நாராக இறுகிப்போகும். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மற்றொரு மருத்துவர், ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதை முதன்முதலில் விவரித்தார். இந்தியாவில் இது இன்றும் பரவலாக இருக்கிறது. பாக்குப் பொட்டலங்கள் வந்த பிறகு இளைஞர்களையும் பிடித்திருக்கிறது.

இறுக்கம் அண்ணத்துக்கும் பரவினால் காதுக் குழாயைத் திறக்கும் தசையும் கெட்டுப்போகும். காது அடைக்கும். இன்னும் பெரிய பயம், இது சிலருக்குப் புற்றுநோயாக மாறும் என்பதுதான். பாக்கை இன்றே நிறுத்துவதுதான் முதல் மருந்து.

கணவன் சொன்ன சாட்சி

முதலில் பார்த்தோமே, அந்த வீட்டுத் தலைவி. அவளை மறந்துவிடவில்லை.

அவளைப் போன்றவர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. டாக்டர் காதை மறுபடியும் பார்க்கிறார். தொண்டையைப் பார்க்கிறார். எல்லாம் சுத்தம். பிறகு காதுக்கு முன்னால் விரலை வைத்து இலேசாக அழுத்துகிறார்.

"அம்மாடி! அங்கேதான் டாக்டர்!"

"தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா, அம்மா?"

"இல்லையே, டாக்டர்."

பக்கத்தில் நிற்கும் கணவர் தலையைச் சொறிகிறார். "கடிப்பா, டாக்டர். ராத்திரி முழுக்க நறநறன்னு சத்தம். பையனுக்குப் பரீட்சை, மாமாவுக்கு உடம்பு சரியில்லை... இந்த ஆறு மாசமாத்தான் அதிகம்."

பல் கடிப்பவருக்குத் தான் கடிப்பது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் டாக்டரிடம் போகும்போது வீட்டில் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவர் சொல்லும் சாட்சிதான் பல நேரங்களில் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

மூளையில் கட்டி இல்லை. காது செவிடாகாது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவள் தாடை பாதி தளர்ந்துவிடுகிறது. மீதியை ஒத்தடமும் பயிற்சியும் ஓய்வும் பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் யாராவது "காது வலிக்கிறது" என்றால், காதைப் பாருங்கள். காதில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால், "அப்படியானால் உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

வலி பொய் சொல்லுவது இல்லை. சில நேரம் முகவரியைத்தான் மாற்றிச் சொல்லுகிறது!